கவிண்டு சொன்ன பாம்பின் பெயர்

எங்கள் ஊரில் பாம்பு கடித்தால் முதலில் பாம்பை எரிப்போம். கடிபட்டவரை அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்ப்போம். எரிக்காமல் விட்டால் அதன் ஜோடி பொழுது சாய்வதற்குள் வாசல் தேடி வந்துவிடும் என்று சிறுவயதிலிருந்தே நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். தடியால் தலையை நசுக்கி, முள்விறகை அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி, சாம்பலாகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவோம்.

இந்த வழக்கத்தை வெறுத்தவள் ஊரில் ஒரே ஒருத்தி. அவள் பெயர் கவிண்டு.

"மண்ணெண்ணெயை எடுக்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு குரல் கூப்பிடுங்கடா. செத்த பாம்பு எங்கயும் ஓடிடாது. அதோட மூஞ்சியப் பாத்தாத்தான் எது கடிச்சதுன்னு தெரியும்" என்று சந்தைக்குச் சந்தை சொல்லிச் சலித்தாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். கடிபட்டபோது மட்டும் அவளைத்தான் தேடி ஓடினார்கள்.

நெடுநெடுவென்ற உயரம், ஆண்குரல், வலது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. கடற்கரைப் பக்கம் பாம்பு விஷம் எடுக்கும் பண்ணை ஒன்றில் ஆறு வருஷம் கூண்டு கழுவியவள் அவள். யாரும் அவளுக்கு உட்கார்ந்து பாடம் சொல்லவில்லை. ஒவ்வொரு பெட்டியின் மீதும் எழுதியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்தாள். தினமும் பார்த்தாள். அவ்வளவுதான் அவள் படிப்பு. விரல் போனதும் அங்கேதான். மண்ணுக்குள் வாழும் கருத்த சிறுபாம்பு ஒன்று. எல்லாப் பாம்பையும் பிடிப்பதுபோல் கழுத்துக்குப் பின்னால் பிடித்தாள். அந்தச் சாதிப் பாம்புக்கு வாயைத் திறக்காமலே பல்லைப் பக்கவாட்டில் நீட்டத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அந்தப் பண்ணையில் வண்டி ஓட்டிய எங்கள் ஊர் ன்சூக்கி அவளைக் கட்டிக்கொண்டு வந்தான். நாலாம் வருஷம் மணல் அள்ளும் பள்ளம் சரிந்து அவன் போய்ச்சேர்ந்தான். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டிலும் யாரும் இல்லை. புருஷனின் அண்ணன் மசிலா, தம்பி முத்தெங்கி, இருவரின் குடும்பத்தோடு ஒரே முள்வேலிக்குள் அவளுக்கும் ஒரு குடிசை இருந்தது. அந்த வேலிக்கு வெளியே அவளுக்கு உலகத்தில் ஒரு சாண் இடம் கிடையாது. அந்த இடத்தில் இருப்பதற்கு உரிமை கொடுத்தவன் மச்சாண்டார் மசிலாதான். பிடுங்கிக்கொள்ளவும் அவனால்தான் முடியும்.

முதல் மழை விழுந்ததும் ஊர்ப் பெண்கள் அவளைச் சீண்டத் தொடங்கிவிடுவார்கள்.

"கவிண்டு, உன் சொந்தக்காரன் ஒருத்தன் என் கோழிக்கூண்டுல படுத்திருக்கான். வந்து கூட்டிட்டுப் போடி!"

"எந்தப் பக்கத்துச் சொந்தம்? தலை முக்கோணமா இருக்கா, விரல் மாதிரி நீளமா இருக்கா?"

"நான் என்ன முத்தமா குடுத்தேன், தலையப் பாக்க?"

அவளும் சிரித்துக்கொண்டே போவாள். கறுப்புத் தோலில் சிவப்புக் கோடு போட்ட தவளையைப் பிள்ளைகள் கையில் வைத்து விளையாடினால் மட்டும் அவள் சிரிப்பு மறைந்துவிடும். "அது குதிக்காது, நடக்கும். நடக்குற தவளையைத் தொடாதீங்க. தோலெல்லாம் விஷம்" என்று கத்தி, பிள்ளைகளின் கையைச் சாம்பல் போட்டுக் கழுவிவிடுவாள். துப்பும் நாகம் யார் கண்ணிலாவது துப்பிவிட்டால், பாலைத் தேடி ஓடுபவர்களைத் தள்ளிவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவாள். தண்ணீர் ஆறு மைல் தூரத்திலிருந்து கழுதை மேல் வருவது. ஆனாலும் ஊற்றுவாள். பச்சோந்தியைக் கல்லால் அடிப்பவர்களோடு மட்டும் வருஷம் முழுக்கச் சண்டை.

மருந்தகத்தில் இருந்த நர்ஸ் அடோங்கோ மேற்கே ஏரிக்கரையிலிருந்து வந்தவள். எங்கள் பேச்சும் சரியாக வராது, எங்கள் பாம்பும் தெரியாது. யாராவது கடிபட்டு வந்தால் கவிண்டுவுக்குத்தான் ஆள் அனுப்புவாள். "லாரி ஏத்துங்க" என்று கவிண்டு சொன்னால் கிடுயி டவுன் ஆஸ்பத்திரி. "கஞ்சி குடிச்சிட்டு வீட்டுக்குப் போ" என்றால் வீடு. ஒன்பது வருஷத்தில் அவள் சொல் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்தச் சொல்தான் மசிலாவின் கண்ணில் முள்ளாக இருந்தது.

மசிலாவிடம் விஷம் உறிஞ்சும் கறுப்புக் கல் ஒன்று இருந்தது. எலும்பைச் சுட்டுச் செய்தது. கடிவாயைக் கீறி அதை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். விஷத்தைக் குடித்து வயிறு நிறைந்ததும் தானாக விழும் என்பார்கள். பிறகு பாலில் போட்டு வைக்க வேண்டும். அந்தக் கல்லால் நாற்பது பேரைக் காப்பாற்றியவன் என்று மசிலாவுக்கு ஊரில் பெயர். கூட்டம் என்றால் அவனுக்கு முதல் முக்காலி. தேனைப் புளிக்கவைத்த கள் என்றால் அவனுக்கு முதல் சுரைக்குடுவை.

ஒரு வெள்ளிக்கிழமைச் சந்தையில், வாத்தியார் ஒருவர் காலில் கல் ஒட்டிக்கொண்டிருக்க, ஊரே சுற்றி நிற்க, மசிலா மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கவிண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அன்று பாம்பை இன்னும் எரிக்கவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"இது வீட்டுப் பாம்பு வாத்தியாரே. எலி திங்கும். இது கடிச்சா எறும்பு கடிச்ச மாதிரி. கல்லும் வேண்டாம், காசும் வேண்டாம். கால உப்புத்தண்ணியில கழுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க."

யாரோ ஒருவன் கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டான். "அப்போ அந்த நாப்பது பேர்ல எத்தனை எலிப்பாம்பு மசிலா?"

சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு விலை ஒன்று உண்டு என்று அன்று எங்களில் யாருக்குத் தெரிந்தது?

அது நடந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் முத்தெங்கி தன் தேன்கூட்டுக் கட்டையைப் பார்க்கக் கருவேல மரம் ஏறினான். போன பருவத்தில் தேனீ விட்டுப்போன வெற்றுக்கட்டை. சுத்தம் செய்து மறுபடி தொங்கவிடலாம் என்று மூடியை அகற்றிக் கையை உள்ளே விட்டான். உள்ளே இருந்தது கடித்தது. கடித்ததும் விடவில்லை. நடுவிரலைக் கவ்விக்கொண்டு மென்றது. அவன் கையை உதறி உதறித்தான் கீழே விழச் செய்தான். கீழே நின்ற மசிலா ஒரே அடியில் தலையைக் கூழாக்கினான். உடனே விறகு, உடனே நெருப்பு.

முத்தெங்கியின் மனைவி கதீலே, கவிண்டு கொத்திக்கொண்டிருந்த தோட்டத்துக்கு ஓடிவந்தாள்.

"அக்கா! அவரை மரத்துல பாம்பு கடிச்சிருச்சு. சீக்கிரம் வாங்கக்கா!"

கவிண்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். முத்தெங்கி மரநிழலில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். விரலில் கறுப்புக் கல் ஒட்டியிருந்தது.

"வாங்க அண்ணி. உங்க சொந்தக்காரன் என்னோட கை குலுக்கிட்டுப் போயிட்டான்."

அவள் நேராக நெருப்புக்குப் போய்க் கம்பால் கிளறினாள். தலை இல்லை. வால் கரி. ஈர மரப்பட்டை ஒன்றின் அடியில் மாட்டிக்கொண்ட ஒரு முழம் நடுவுடல் மட்டும் வேகாமல் இருந்தது. அதை எடுத்து விரலால் தடவினாள். பழுப்பு நிறம். குறுகலான செதில்கள். சாய்வு சாய்வாக அடுக்கியவை. ஒவ்வொன்றின் நடுவிலும் அரம்போல ஒரு மேடு. முன்னும் பின்னும் தடவினாள். கம்பைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"மாமா, கண்ணு எப்படி இருந்துச்சு? தலைக்குப் பொருந்தாம பெருசா இருந்துச்சா?"

"கண்ணுல மை போட்டிருந்துச்சு. எனக்கு வேற வேல இல்லையா, பாம்புக்கு முகம் பாக்க?" என்றான் மசிலா.

முத்தெங்கிதான் சொன்னான். "பெரிய கண்ணுதான் அண்ணி. கட்டையான தலை. கோழிக்குஞ்சு மாதிரி முழிச்சுது. பழுப்பு நிறம்தானே, பச்சை இல்லையே. பச்சையா இருந்தாத்தானே விஷம்?"

இது எங்கள் ஊரில் எல்லோரும் நம்புவது. மரத்தில் பச்சைப் பாம்பு என்றால் மரணம், பழுப்பு என்றால் ஒன்றுமில்லை. விஷப்பல் வாயின் பின்பக்கம் உள்ள பாம்பு மனிதனைக் கடிக்காது என்று வேறு சொல்லுவோம்.

"ஆணு பச்சை. பொண்ணு பழுப்பு. ரெண்டும் ஒரே பாம்புதான் தம்பி" என்றாள் கவிண்டு. "இது பெருங்கண்ணன். பண்ணையில பெட்டி மேல பூம்ஸ்லாங்னு எழுதியிருக்கும். கடிச்சா இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கும் சிரிச்சிட்டுத்தான் இருப்ப. அப்புறம் உடம்புல இருக்குற ரத்தம் உறையுறதை மறந்துடும். இதுக்கு மருந்து கிடுயியில இல்ல. நைரோபி பெரிய ஆஸ்பத்திரிதான். தெற்கு தேசத்துலேருந்து வரவழைப்பாங்க. அதுவரைக்கும் ரத்தம் ஏத்தி உயிரைப் பிடிச்சு வெச்சிருப்பாங்க. கரி லாரி ரெண்டு மணிக்குக் கெளம்புது. ஏறு தம்பி. இப்பவே ஏறு."

அந்த நேரம் பார்த்துக் கல் விரலிலிருந்து விழுந்தது.

மசிலா அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினான். "பாத்தீங்களா? குடிச்சு முடிச்சிருச்சு. விஷம் கல்லுக்குள்ள இருக்கு. இனிமே ஆஸ்பத்திரிக்குக் கல்லைத்தான் கூட்டிட்டுப் போகணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். முத்தெங்கியும் சிரித்தான். அவன் விரலை நீட்டி மடக்கிக் காட்டினான். வீக்கம்கூட இல்லை.

"அண்ணி, மாம்பாப் பாம்பு கடிச்சவனை நான் பாத்திருக்கேன். அரை மணியில நாக்கு இழுத்துச்சு. எனக்கு என்ன கொறச்சல்? பசிதான் எடுக்குது."

"அந்தப் பாம்பு வேற, இது வேறடா. உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

"பொம்பள காலப் பிடிச்சா நல்லா இல்ல, விடுங்க" என்று எழுந்து நடந்துவிட்டான். அவன் முப்பத்தோரு வயதுக்காரன். எருதைப்போல இருப்பான். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். சாகப் போகிறவன் அப்படி நடப்பானா என்றுதான் எங்களுக்கும் தோன்றியது. லாரி இரண்டு மணிக்குப் போய்விட்டது. மாலையில் அண்ணனும் தம்பியும் கல்லின் வெற்றிக்காகத் தேன்கள்ளைக் குடித்தார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் கவிண்டு நர்ஸ் அடோங்கோவை அழைத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். வேலிக்குள் நுழைந்தபோது முத்தெங்கி சோளமும் அவரையும் வேகவைத்த ஈஸ்யோவைத் தட்டு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னும் சாகலையே அண்ணி. கோச்சுக்காதீங்க" என்றான்.

ஆனால் அவன் விரலில் சுற்றியிருந்த துணி நனைந்திருந்தது. கல் வைக்கக் கீறிய கீறல் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. ஒரு பகல், ஓர் இரவு. நிற்காமல் கசிந்திருக்கிறது.

அடோங்கோ அவன் கையில் ஊசி குத்தி ரத்தத்தைக் குழாயில் எடுத்துத் திண்டு ஒன்றில் நிறுத்தினாள். தன் ரத்தத்தையும் இன்னொரு குழாயில் எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். "இருபது நிமிஷம். யாரும் அசைக்கக் கூடாது" என்றாள்.

அந்த இருபது நிமிஷமும் கதீலே கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயையே பார்த்தாள். கோழிகள் அவள் காலடியில் அலைந்தன. கவிண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடவுளே, இந்த ஒருமுறை நான் சொன்னது பொய்யாகட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்ததைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள். ஒன்பது வருஷத்து நற்பெயரையும் கொண்டுபோய்க் குப்பையில் போடட்டும், கொழுந்தன் பிழைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாளாம்!

அடோங்கோ தன் குழாயைச் சாய்த்தாள். ரத்தம் கூழாக உறைந்து ஒட்டிக்கொண்டு நின்றது. முத்தெங்கியின் குழாயைச் சாய்த்தாள். தண்ணீராக வழிந்து மண்ணில் விழுந்தது.

கதீலே கணவன் பக்கம் திரும்பினாள். "அத்தான், பாத்தீங்களா! போலாம் அத்தான். லாரிக்காரன்கிட்ட நான் சொல்லிட்டு வரேன்."

முத்தெங்கியின் கையிலிருந்த தட்டு இறங்கியது. முதன்முறையாக அவன் முகத்தில் பயம் தெரிந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். ஐயோ, அந்தப் பார்வையில்தான் அவன் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. மசிலா ஒரு வார்த்தை 'போ' என்றிருந்தால் போதும்.

மசிலா எழுந்தான்.

"ஏரிக்கரைக்காரி குழாய் கொண்டு வருவா. பாம்புக்காரி கூட வருவா. குழாய்க்குள்ள என்ன மருந்து தடவி வெச்சிருந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஏன் ரெண்டு குழாய்? எது யாருக்குன்னு முடிவு பண்ணுனது யாரு?"

"நீங்களே உங்க ரத்தத்தை எடுத்துப் பாருங்க மாமா. குழாயை நீங்களே கழுவுங்க" என்றாள் கவிண்டு.

"என் ரத்தத்தையும் குடிக்கணுமா உனக்கு?"

"மாமா, அன்னைக்குச் சந்தையில நான் பேசுனது தப்பு. ஊருக்கு முன்னாடி உங்க காலுல விழறேன். கல்லுதான் காப்பாத்துச்சுன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லுறேன். இவனை மட்டும் அனுப்புங்க."

அவள் உண்மையிலேயே விழுந்தாள். உயரமான அந்த உடம்பு மண்ணில் மடங்கிக் கிடந்தது. அதைப் பார்த்த கல்லும் கரைந்திருக்கும். மசிலாவின் கல் கரையவில்லை.

"நீ விழுறதைப் பாத்தாத்தான் எனக்குச் சந்தேகம் கூடுது. இவன் என் தம்பி. என் கல்லு வெச்ச உடம்பை வேற கை தொட்டா விஷம் கல்லுலேருந்து திரும்பி வந்துரும். எங்கப்பா எனக்குச் சொன்னது அது. இவன் எங்கயும் போகமாட்டான். அப்படித்தானேடா?"

முத்தெங்கி தரையைப் பார்த்தான். "அண்ணன் சொன்னா சரிதான்" என்றான். துணியை விரலில் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

அன்றைய லாரியும் போய்விட்டது.

வியாழக்கிழமை காலையில் அவன் பல் துலக்கியபோது வாயெல்லாம் சிவப்பு. சிறுநீர் கறுப்பு. நண்பகலில் மூக்கு. எங்கோ லேசாக இடித்த முழங்காலில் கையளவுக்கு நீலம் பாய்ந்திருந்தது. இப்போது மசிலாவே லாரியை மறிக்க ஓடினான். "தம்பி, தம்பி" என்று அலறினான். கரி மூட்டைகளின் மேல் பாய் விரித்து ஏற்றினார்கள். அடோங்கோ கடித்த பாம்பின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி, அதோடு குழாய்ச் சோதனையின் முடிவையும் எழுதி, கதீலேயின் கையில் திணித்தாள்.

"அண்ணி" என்று முத்தெங்கி லாரி மேலிருந்து கூப்பிட்டான். "நேத்தே வந்திருக்கணும், இல்ல?"

கவிண்டு லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள். "பேசாதே. வாயை மூடிட்டுப் படு. போயிரலாம்" என்றாள்.

நைரோபியில் மூன்று பை ரத்தம் ஏற்றினார்களாம். தெற்கிலிருந்து மருந்துக்குச் சொல்லி அனுப்பினார்களாம். மருந்து விமானம் ஏறும் முன்னே சனிக்கிழமை பகலில் அவன் தலைக்குள் ரத்தம் கசிந்து முடிந்துபோனான். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைக் கதீலே மட்டும்தான் கேட்டாள்; ஊர் திரும்பியதும் கவிண்டுவிடம் மட்டும் சொன்னாள். அவளோடு வந்த மசிலா அப்போது நடைபாதையில் சுவரில் முட்டி அழுதுகொண்டிருந்தான்.

அந்த அழுகை பொய் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குத் தாங்க முடியாதது. தம்பியைத் தூக்கி வளர்த்தவன் அவன். தம்பியைக் கொன்றது தன் வீம்பு என்று ஒத்துக்கொண்டால் அவனால் ஒரு நாள்கூட உயிரோடு இருக்க முடியாது. அதனால் வேறு ஆள் தேவைப்பட்டது.

அடக்கம் முடிந்த ஏழாம் நாள் பெரியவர்களைக் கூட்டினான். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தை வாத்தியார் எழுந்து படித்தார். மரணத்துக்குக் காரணம் இன்ன பாம்பின் விஷம் என்று அதில் போட்டிருந்தது.

"அந்தப் பேரை இன்னொரு தடவை படிங்க வாத்தியாரே" என்றான் மசிலா.

"பூம்ஸ்லாங்."

"இந்தப் பேரைச் செவ்வாய்க்கிழமை நம்ம மரத்தடியில சொன்னது யாரு? டாக்டர் மிஷினெல்லாம் வெச்சு அஞ்சு நாள் கழிச்சுச் சொன்ன பேரை, வெந்த பாம்போட ஒரு துண்டைத் தடவிட்டு இவ எப்படிச் சொன்னா? நாளைக்குச் சிரிப்பான், அப்புறம் ரத்தம் போகும்னு நாள் குறிச்சுக் குடுத்தாளே, குடுத்தபடியே நடந்துச்சே! தெரிஞ்சவளா, அனுப்பினவளா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சிவப்புக் கோட்டுத் தவளைக்காகப் பிள்ளைகளின் கையைக் கழுவிவிட்ட அதே பெண்ணைப் பார்த்து, அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் மேல்துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

எங்களிடம் கிதீத்து என்ற சத்தியம் உண்டு. பெரியவர்கள் வைக்கும் பொருளின் மேல் காய்ந்த குச்சியால் ஏழு முறை தட்டி வாக்குச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் சொன்னவரும் அவர் ரத்தமும் அழியும். மெய் என்றால் ஒன்றும் ஆகாது, பழி அன்றோடு தீரும். எந்த வாக்கைச் சொல்ல வேண்டும் என்பதைக் குற்றம் சாட்டியவர்தான் முடிவு செய்வார். மசிலா முடிவு செய்தான்.

"'முத்தெங்கி சாவான்னு நோவு வர்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது.' இதைச் சொல்லித் தட்டட்டும். தட்டிட்டா அவ குடிசை அவளுக்கு. இல்லைன்னா வேலிக்கு வெளிய."

கவிண்டு குச்சியைக் கையில் வாங்கினாள். கதீலேயைப் பார்த்தாள். மொட்டையடித்த தலையோடு, மூன்று பிள்ளைகளை மடியில் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள்.

"கதீலே, டாக்டர் என்ன சொன்னாருன்னு நீ இவங்ககிட்டச் சொல்லுடி. நான் எத்தனை தடவை கெஞ்சினேன்னு சொல்லு."

கதீலே மசிலாவைப் பார்த்தாள். இனி அவளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு அந்த வாசலில்தான். தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலை நிமிரவில்லை.

கவிண்டு எங்களைப் பார்த்தாள். சந்தையில் சிரித்தவர்கள், மரத்தடியில் நின்றவர்கள், குழாயிலிருந்து ரத்தம் வழிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். நானும் இருந்தேன். எழுந்து சாட்சி சொல்லவில்லை. பாம்பை அறிந்தவளுக்காகப் பேசினால் நமக்கும் சூனியக்காரன் என்ற பெயர் வந்துவிடும் என்ற பயம். இன்றைக்கும் அந்தப் பயத்துக்கு வேறு பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பெரியவங்களே, இதைச் சொல்லித் தட்டுனா அது பொய்" என்றாள் கவிண்டு. "எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். தெரிஞ்சதாலதான் கத்துனேன். தெரியாதுன்னு சத்தியம் பண்ணி இந்தக் குடிசையில படுத்தா, அந்தப் பையன் லாரி மேலேருந்து கூப்பிட்ட கூப்பாடு என்னைத் தூங்க விடாது."

"ஒத்துக்கிட்டா!" என்றான் மசிலா.

குச்சியை அவள் தரையில் வைத்தாள். குடிசைக்குள் போய் ஒரு பாய், ஒரு பானை, ன்சூக்கியின் பழைய கோட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். வேலிப்படலை அவளே திறந்து, வெளியே போய், அவளே சாத்தினாள். ஆடு உள்ளே போய்விடக் கூடாதே என்ற பழக்கம்.

அதற்கப்புறம் எங்கள் ஊரில் பாம்பு கடித்து மூன்று பேர் போயிருக்கிறார்கள். எந்தப் பாம்பு என்று யாருக்கும் தெரியாது. எரித்துவிட்டோம்.

போன மாதம் கிடுயி பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். வேகவைத்த சோளம் விற்கிறாள். முடி நரைத்திருந்தது. ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. நான் நலம் விசாரித்ததும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அந்த நேரம் ஒரு வேனிலிருந்து நாலைந்து பேர் இறங்கினார்கள். ஒருவன் கணுக்காலில் கயிறு கட்டியிருந்தது. இன்னொருவன் கையில் ஒரு குச்சி, அதில் அடித்த பாம்பு தொங்கியது. நல்லவேளை, எரிக்காமல் கொண்டுவந்திருந்தார்கள்.

"இது என்ன பாம்புன்னு யாருக்காவது தெரியுமாம்மா? விஷமா, விஷமில்லையா?" என்று அவன் வியாபாரிப் பெண்களைப் பார்த்துக் கேட்டான்.

கவிண்டு அந்தப் பாம்பை ஒரே ஒரு கணம் பார்த்தாள். அவள் முகத்தில் அது என்னவென்று தெரிந்துவிட்டதை நான் கண்டேன். உதடு பிரிந்தது. பிறகு இறுக மூடிக்கொண்டது.

"எனக்குப் பாம்பெல்லாம் தெரியாதுங்க" என்றாள். "எதுவா இருந்தாலும் நிக்காதீங்க. ஆஸ்பத்திரி அதோ, அந்த நீலக் கேட்டு."

அவர்கள் ஓடினார்கள். அவள் அடுத்த சோளத்தை எடுத்து உப்பைத் தடவினாள்.